சூறைக்கப்பல்களும் பாராமகாலும்

போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்று, தனியாருக்குச் சொந்தமான ஒரு கப்பலுக்கு அரசு எழுத்துமூலம் அனுமதி தருவதுண்டு. அப்படி அனுமதி பெற்ற கப்பலை ஆங்கிலேயர் பிரைவேட்டியர் என்றனர். பிரெஞ்சுக்காரர் கோர்சேர் என்றனர். இங்கே அது சூறைக்கப்பல் என்றே குறிக்கப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 1856 வரை ஐரோப்பிய அரசுகளின் கடற்போரில் இவ்வகைக் கப்பல்களுக்குச் சட்டப்படியான இடம் இருந்தது. கப்பலைக் கட்டும் செலவும் மாலுமிகளுக்குச் சோறு போடும் செலவும் வணிகர்களுடையவை. எதிரிக்கு நேரும் நட்டம் அரசுக்கு ஆதாயம். கருவூலம் வற்றிக் கிடந்த அரசுகள் இந்த ஏற்பாட்டை விரும்பியதற்குக் காரணம் இதுதான்.

கடலே காணாத தருமபுரி மாவட்டத்துக்கும் இந்தக் கப்பல்களுக்கும் தொடர்பு உண்டு. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் பாராமகால் என்று அழைக்கப்பட்டது. ஐதர் அலியும் அவருக்குப் பின் திப்பு சுல்தானும் ஆண்ட இந்த நிலம், மைசூருக்கும் சென்னையிலிருந்த ஆங்கிலேயருக்கும் இடையே நடந்த நான்கு போர்களிலும் படைகள் ஏறி இறங்கிய வழி. நான்காவது போருக்குச் சாக்காக அமைந்த நிகழ்ச்சி, மங்களூரில் வந்து ஒதுங்கிய ஒரு சூறைக்கப்பலின் தலைவனிடம் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

துறைமுக நகரத்து வணிகர் சிலர் பங்கு சேர்ந்து வேகமாக ஓடும் ஒரு கப்பலை வாங்குவர். பீரங்கிகள் பூட்டுவர். கப்பல்தலைவனை அமர்த்தி, அரசிடம் உரிமச்சீட்டு கேட்பர். சீட்டில் கப்பலின் பெயர், தலைவனின் பெயர், எந்த நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்ற வரம்பு எல்லாம் எழுதப்படும். விதியை மீறினால் ஈடு செய்வதற்காக உரிமையாளர் பிணைத்தொகை கட்ட வேண்டும். மாலுமிகளுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, கொள்ளையில் பங்குதான். பிரெஞ்சு வழக்கப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு, மூன்றில் ஒரு பங்கு கப்பலில் இருந்தவர்களுக்கு.

பிடிபட்ட கப்பல் அந்தக் கணமே பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. அதைத் தன் நாட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கடல்வழக்கு நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். சரக்குப் பட்டியல், பயணச்சீட்டு, உரிமைப் பத்திரம், கடிதங்கள் ஆகியவற்றை நீதிபதி பார்ப்பார். கப்பல் உண்மையில் எதிரியுடையதுதானா, நடுநிலை நாட்டினுடையதா என்று விசாரிப்பார். எதிரியுடையது என்று தீர்ப்பானால் ஏலம். நடுநிலையாளருடையது என்றால் விடுதலை. இதனால்தான் துரத்தப்பட்ட கப்பல்களில் முதல் வேலையாகத் தாள்களைக் கடலில் எறிந்தார்கள். சூறைக்கப்பல் பொய்க்கொடி ஏற்றி நெருங்கலாம்; ஆனால் சுடுமுன் தன் கொடியைக் காட்டியாக வேண்டும் என்பதும் வழக்கமாக இருந்தது.

தொழிலுக்கு உள்ளேயே ஒரு வரம்பும் இருந்தது. பிடித்த ஒவ்வொரு கப்பலையும் துறைமுகம் சேர்க்கத் தன் மாலுமிகளில் சிலரை அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். நாலைந்து கப்பல் பிடித்ததும் சொந்தக் கப்பலில் ஆள் குறைந்துவிடும். நல்ல வேட்டை கிடைத்த கப்பல்தான் விரைவில் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

உரிமச்சீட்டு உள்ளவனுக்கும் கடற்கொள்ளையனுக்கும் நடுவே நின்றது அந்தத் தாள் மட்டுமே. இந்தியக் கடலில் அதை உணர்த்திய வழக்கு வில்லியம் கிட் என்பவனுடையது. பிரெஞ்சுக் கப்பல்களையும் கடற்கொள்ளையரையும் பிடிக்க ஆங்கில அரசின் அனுமதி பெற்று, அட்வெஞ்சர் காலி என்ற கப்பலில் புறப்பட்டவன் அவன். 1698 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால் குவெடா மெர்ச்சன்ட் என்ற கப்பலைப் பிடித்தான். வங்கத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் ஆர்மீனிய வணிகர்களின் சரக்கு இருந்தது. அது பிரெஞ்சுப் பயணச்சீட்டு வைத்திருந்ததால் தன் உரிமத்துக்குள் அடங்கும் என்பது கிட்டின் வாதம். மொகலாய அரசின் சினம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல் திரும்பியது. கிட் கைவிடப்பட்டான். அவன் காட்ட விரும்பிய பிரெஞ்சுச் சீட்டுகள் விசாரணையில் அவன் கைக்குக் கிடைக்கவில்லை. 1701 மே மாதம் லண்டனில் தூக்கிலிடப்பட்டான். அந்தச் சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கிட் நல்லவன் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அவன் வழக்கைத் தீர்மானித்தது சட்டத்தைவிட அரசியல் தேவையே.

மேற்குக் கரையில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் அனுமதியோடு போர்த்துக்கீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களையும் இந்த வரிசையில் சிலர் சேர்ப்பதுண்டு. 1538இல் மண்டபம் அருகே வேதாளையில் மரைக்காயர் படை தோற்றதும், கடைசிக் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டதும் தமிழ், மலையாளக் கரைகளின் வரலாறு. போர்த்துக்கீசிய ஏடுகள் அவர்களைக் கொள்ளையர் என்று எழுதின. தம் மன்னனின் துறைமுகத்தையும் தம் வணிகத்தையும் காக்கப் போரிட்டவர்களை அப்படி எழுதியது அநீதி. ஐரோப்பியச் சூறைக்கப்பல்களைவிட அவர்கள் ஒரு கடற்படைக்கே நெருக்கமானவர்கள்.

பாராமகாலை ஆண்ட ஐதர் அலியின் பெயர், சூறைக்கப்பல் காலத்து அமெரிக்கக் கப்பல் ஒன்றுக்கே சூட்டப்பட்டது. 1780 ஜூலையில் ஐதர் அலி பாராமகாலிலிருந்து செங்கம் கணவாய் வழியாக, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரம் அருகே பொல்லிலூரில் கம்பெனிப் படை ஒன்றை அழித்தார். அச்செய்தி ஐரோப்பா வழியே அமெரிக்கா சென்றது. அங்கே பிரிட்டனுக்கு எதிராக விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிலடெல்பியாவில் ஒரு வணிகக் கப்பலுக்கு ஐதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். டெலவேர் ஆற்றில் வணிகத்தைக் காக்கப் பெனிசில்வேனியா அரசு அதில் 16 பீரங்கிகள் பூட்டி, 22 வயது யோசுவா பார்னியிடம் ஒப்படைத்தது.

1782 ஏப்ரல் 8ஆம் நாள் டெலவேர் விரிகுடாவில் ஜெனரல் மங்க் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதை எதிர்கொண்டது. ஜெனரல் மங்கில் 20 பீரங்கிகள். கப்பல்கள் நெருங்கும்போது தான் உரக்க இடும் கட்டளைக்கு நேர் எதிராகச் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்று பார்னி சுக்கான் பிடிப்பவனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். கட்டளையைக் கேட்ட எதிரி அதற்கேற்பத் திரும்பினான். பாய்மரக் கயிறுகள் சிக்கிக்கொண்டன. அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. தோற்ற ஜெனரல் மங்க், அதற்கு முன் அமெரிக்கரிடமிருந்து பிரிட்டிஷார் பிடித்த ஒரு சூறைக்கப்பல். இந்தச் சண்டை நடந்தபோது ஐதர் அலி உயிரோடு இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூர் அருகே முகாமில் இறந்தார். உலகின் இரு முனைகளில் ஒரே எதிரியோடு போரிட்ட இரு தரப்பினரில் ஒருவர் மற்றவரை அறிந்திருந்தார் என்பதற்கு அந்தக் கப்பலின் பெயர் சான்று.

வங்காள விரிகுடாவில் சூறைக்கப்பல்களின் காலம் 1793இல் பிரிட்டனும் புரட்சிப் பிரான்சும் மோதியதும் உச்சம் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர். பிரான்சுக்கு இந்தியக் கடலில் எஞ்சிய பெரிய துறைமுகம், இல் தெ பிரான்ஸ் தீவின், அதாவது இன்றைய மொரீஷியஸின், போர்ட் லூயி. 1730களில் ஆளுநர் லா பூர்தொனே புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோய்க் கட்டிய நகரம் அது. கரும்பும் காப்பியும் விளைந்த தீவில் போதிய அரிசி இல்லை. பிரான்சிலிருந்து கப்பல் வருவதும் அரிது. ஆகவே அந்தத் தீவு சூறையால் வயிறு வளர்த்தது.

அங்கிருந்து புறப்பட்டவர்களில் பெயர் பெற்றவன் ராபர் சுர்கூஃப். 1773இல் பிரான்சின் சேன் மாலோவில் பிறந்தவன். கடற்கொள்ளையருக்கும் சூறைக்கப்பல்களுக்கும் அந்த ஊர் பேர்போனது. 1796 ஜனவரியில் எமிலி என்ற சிறு கப்பலில் ஹூக்ளி முகத்துவாரத்துக்கு வந்தான். ஆற்றுக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் கார்ட்டியர் என்ற பைலட் படகையும் டயானா என்ற அரிசிக் கப்பலையும் பிடித்தான். பிறகு அந்தப் பைலட் படகிலேயே ஏறி, டிரைட்டன் என்ற பெரிய கம்பெனிக் கப்பலை நெருங்கினான். வழிகாட்ட வருகிறார்கள் என்று நம்பிய டிரைட்டனில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். சுர்கூஃபோடு இருந்தவர்கள் இருபது பேர் அளவுக்குத்தான். டிரைட்டன் வீழ்ந்தது.

ஊர் திரும்பியதும் அவனுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. எமிலிக்கு உரிமச்சீட்டே இல்லை. அது வணிகப் பயணத்துக்கென்று அனுப்பப்பட்ட கப்பல். பிடித்தவை எல்லாம் அரசுடைமை என்று தீவின் ஆட்சி சொல்லிவிட்டது. சுர்கூஃப் பாரிஸ் வரை போய் முறையிட்டு 6,60,000 பிராங்க் பெற்றான். காட்டத் தாள் கிடைக்காத கிட் தூக்கிலேறினான், தாளே இல்லாத சுர்கூஃப் செல்வம் பெற்றான். ஒருவனைக் கைவிட அவன் அரசுக்குத் தேவை இருந்தது, மற்றவனைக் கொண்டாட அவன் அரசுக்குத் தேவை இருந்தது.

1800 அக்டோபர் 7ஆம் நாள், கான்ஃபியான்ஸ் என்ற கப்பலில் வந்த சுர்கூஃப், கெண்ட் என்ற கம்பெனிக் கப்பலை வங்காள விரிகுடாவில் பிடித்தான். கெண்டில் 400 பேருக்கு மேல் இருந்தனர். வழியில் தீப்பிடித்து அழிந்த குயீன் என்ற கப்பலின் பயணிகளும் சிப்பாய்களும் அவர்களில் அடக்கம். கான்ஃபியான்ஸில் அதில் பாதி ஆள்கூட இல்லை. கெண்டின் தலைவர் ரிவிங்டன் கைகலப்பில் கொல்லப்பட்டார். 1807இல் ரெவெனான் என்ற கப்பலோடு அவன் மீண்டும் வந்து பல கப்பல்களைப் பிடித்தான். கல்கத்தா வணிகர்கள் லண்டனுக்கு முறையீடு எழுதும் அளவுக்கு நட்டம் ஏறியது.

சுர்கூஃபைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வீரக்கதைகளாக இருக்கின்றன. அவனும் கெண்டின் தலைவனும் மட்டுமே மனிதர்களாகத் தெரிகிற அந்தக் கதைகள் போதாது. அவன் பிடித்த கப்பல்களில் பல, இந்தியத் துறைமுகங்களுக்கிடையே அரிசி ஏற்றிச் சென்றவை. சென்னைப் பட்டணம் வங்க அரிசியை நம்பியிருந்தது; சோழமண்டலக் கரையில் மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கப்பல்களே உணவு. அவற்றில் வேலை செய்தவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். கொள்ளையில் பங்கும் அவர்களுக்கு இல்லை, வீரக்கதையில் பெயரும் இல்லை. சுர்கூஃப் அடிமை வணிகமும் செய்தவன் என்பதையும் சேர்த்தே அவனை மதிப்பிட வேண்டும்.

பிடித்த சரக்கு எங்கே விலைபோனது என்ற கேள்வி தமிழ்க் கரைக்கே அழைத்து வருகிறது. டென்மார்க் அந்தப் போரில் நடுநிலை நாடு. தரங்கம்பாடி டேனிஷ் துறைமுகம். டேனிஷ் கொடி ஏற்றிய கப்பல்கள் போர்ட் லூயிக்கும் தரங்கம்பாடிக்கும் தடையின்றிப் போய்வந்தன. மொரீஷியஸில் ஏலம்போன கப்பல்களும் சரக்குகளும் டேனிஷ் தாள்களோடு வேறு உடைமையாளரின் பெயரில் திரும்பின. ஆங்கிலேயரிடம் பறித்த பொருள் ஆங்கிலேயரின் ஆட்சிப்பகுதியை ஒட்டிய துறைமுகத்திலேயே மீண்டும் விற்பனைக்கு வந்தது. 1801இலும் பிறகு 1808இலும் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதற்கு ஐரோப்பிய அரசியலே முதற்காரணம் என்றாலும், இந்தத் தாள் வணிகம் அவர்களை உறுத்திக்கொண்டிருந்தது.

இனி மங்களூர். 1792 மார்ச் மாதம் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரி விதிக்கும் பணியைத் தொடங்கினார். பாதி நாட்டையும் பெருந்தொகையையும் இழந்த திப்புவுக்கு வெளிநாட்டு உதவி தேவைப்பட்டது. இந்த நிலையில், 1797 தொடக்கத்தில் பழுதுபட்ட ஒரு பிரெஞ்சுச் சூறைக்கப்பல் மங்களூரில் ஒதுங்கியது. அதன் தலைவன் பிரான்சுவா ரிபோ.

கப்பலைப் பழுதுபார்க்க வந்தவன் தன்னைத் தீவின் பெரிய அதிகாரி என்று சொல்லிக்கொண்டான். ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வீரர்கள் மொரீஷியஸில் காத்திருப்பதாகவும் கேட்டால் வந்துவிடுவார்கள் என்றும் சொன்னான். திப்புவின் அமைச்சர்கள் பலர் அவனை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தனர். திப்பு நம்பினார். சீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ரிபோவின் தலைமையில் புரட்சிச் சங்கம் அமைத்துக் கொடியேற்றி, விடுதலை மரம் நட்டனர். திப்பு ரிபோவின் கப்பலையே வாங்கி, இரண்டு தூதர்களை வணிகர் வேடத்தில் மொரீஷியஸுக்கு அனுப்பினார்.

1798 ஜனவரியில் தூதர்கள் சென்றபோது ஆளுநர் மலர்த்திக்கிடம் அனுப்புவதற்குப் படையே இல்லை. கமுக்கமாக வந்தவர்களை அவர் வெளிப்படையாக வரவேற்றார். ஜனவரி 30ஆம் நாள், ஆங்கிலேயரை இந்தியாவிலிருந்து வெளியேற்றத் திப்பு பிரெஞ்சு உதவி கேட்கிறார், விருப்பமுள்ளோர் சேரலாம் என்று அச்சிட்ட அறிவிப்பே வெளியிட்டார். ஒரு பேரரசின் தலைவிதியோடு விளையாடிய அந்தச் செயலுக்கு மன்னிப்பே கிடையாது. ஏப்ரல் இறுதியில் மங்களூரில் வந்து இறங்கிய தொண்டர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். அறிவிப்பின் படி ஒன்று ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் புதிய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் கைக்கு வந்தது. மைசூரை ஒடுக்கும் எண்ணத்தோடு வந்திருந்த அவருக்கு, உலகுக்குக் காட்டக் காரணம் கிடைத்துவிட்டது. ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கியது அந்தக் காரணத்துக்கு வலு சேர்த்தது.

1799 பிப்ரவரி 14ஆம் நாள் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. ஆம்பூர்ப் பக்கம் நிஜாமின் படை வந்து சேர்ந்தது. பல்லாயிரம் சிப்பாய்களும் அவர்களைவிட மிகுதியான காளைகளும் பாராமகால் வழியாக ராயக்கோட்டைக்கு ஏறின. ரீட் தன் படைப்பிரிவோடு இங்கே தானியமும் கால்நடையும் திரட்டினார். மன்றோவும் அவருடன் இருந்தார். ஏழாண்டுகளாக அளந்து தீர்வை விதித்த அதே ஊர்களிலிருந்து படைக்கு உணவு திரட்டப்பட்டது. மார்ச் 5ஆம் நாள் படை மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு கோட்டைக்குள் போரிட்டு இறந்தார். மன்றோ தருமபுரியை விட்டுக் கன்னடக் கடற்கரைக்கு ஆட்சியராகப் போனார். ரிபோவின் கப்பல் ஒதுங்கிய மங்களூர் அவருடைய ஆட்சிக்குள் வந்தது.

ரிபோ வராவிட்டால் போர் வந்திருக்காது என்று சொல்ல முடியாது. கம்பெனிக்கும் மைசூருக்கும் இடையே தீராத பகை இருந்தது. ஆனால் போர் அந்த ஆண்டில், அந்தக் குற்றச்சாட்டோடு வந்ததற்கு அவன் பேச்சும் மலர்த்திக்கின் அறிவிப்புமே காரணம். கொள்ளைப் பங்குக்காகக் கடலில் திரிந்தவனை ஓர் அரசின் தூதனாக ஏற்றது திப்பு செய்த பெரும்பிழை. உரிமச்சீட்டு கப்பலைப் பிடிக்கும் உரிமையை மட்டுமே தந்தது. நாட்டின் சார்பில் பேசும் உரிமையை அது ஒருபோதும் தந்ததில்லை.

போர்ட் லூயியின் சூறைத்தொழில் மேலும் பதினோராண்டு நீடித்தது. பாதுகாப்புக் கப்பலோடு வணிகக் கப்பல்களைக் கூட்டமாக அனுப்புவது, கடற்படை ரோந்து என்று ஆங்கிலேயர் பலவும் செய்து பார்த்தனர். கூட்டத்துக்காகக் காத்திருந்த கப்பல்களின் சரக்கு சந்தையைத் தவறவிட்டது. காத்திராமல் தனியே போனவை பிடிபட்டன. கூட்டிலேயே அடிப்பதுதான் வழி என்று முடிவாகி, 1810 ஜூலையில் ரெயூனியனையும் டிசம்பரில் மொரீஷியஸையும் பிடித்தனர். அந்தப் படையெடுப்புகளில் சென்னைப் படையின் சிப்பாய்களும் பங்கேற்றனர். அதன்பின் வங்காள விரிகுடாவில் பிரெஞ்சுச் சூறைக்கப்பல்கள் தலைகாட்டவில்லை.

கிரிமியப் போர் முடிந்ததும், 1856 ஏப்ரல் 16ஆம் நாள் பாரிஸ் சாற்றுரையில் வல்லரசுகள் சூறைக்கப்பல் முறையை ஒழிப்பதாக ஒப்பின. நடுநிலைக் கொடியின் கீழ் செல்லும் எதிரிச் சரக்கைப் போருக்குப் பயன்படும் தடைச்சரக்காக இருந்தாலன்றிப் பிடிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் வணிகர் பங்கு சேர்த்துக் கட்டும் கப்பல் கடற்படைக்கு ஈடாகாது என்ற நிலையும், உலகிலேயே மிகுதியான வணிகக் கப்பல்களை வைத்திருந்த பிரிட்டனின் நலனும் இதற்குப் பின்னால் இருந்தன. அமெரிக்கா கையெழுத்திடவில்லை. பெரிய கடற்படை இல்லாத நாடு இந்த ஆயுதத்தையும் விட்டுவிட்டால் எதிரிக்கு இரையாகும் என்றும், கடலில் தனியார் சொத்து முழுவதற்கும் பாதுகாப்பு தந்தால் ஒப்புவதாகவும் அது வாதிட்டது. உரிமச்சீட்டு வழங்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உண்டு என்ற அரசமைப்பு வரி இன்றும் நீக்கப்படவில்லை.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட எம்டன், இதே வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் திரிந்தது. ஆனால் அது ஜெர்மன் கடற்படையின் கப்பல்; அதன் மாலுமிகள் அரசுச் சம்பளக்காரர்கள். தனியார் ஆதாயம் என்ற கூறு மறைந்துவிட்டது. கைப்பற்றிய கப்பலை நீதிமன்றத்தின் முன் நிறுத்தித் தீர்ப்பு பெற வேண்டும் என்ற பழைய நெறி மட்டும் நிலைத்தது. இந்தியாவும் 1971 போரையொட்டி, போரில் பிடிபடும் கப்பல்களையும் வானூர்திகளையும் பற்றிய வழக்குகளுக்காகத் தனிச் சட்டம் இயற்றியது.